எக்க, தெக்க, மூண்டு

ஒட்டுசுட்டான் வீதியில்
உழவு இயந்திரம் திருத்தும் கராஜுக்குள்
ஞாயிறு பின்னேரங்களில் நாங்கள் சத்தம் போடுவோம்.
வாசிப்பது என்று அதைச் சொல்ல
முதல் ஏழு கிழமையும் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

கராஜ் நேசராசாவுடையது. கிற்றாரும்.
அதன் மூன்றாம் நரம்பு பிரேக் கேபிளில் உரித்த கம்பி.
சக்திவேல் தருமபுரத்திலிருந்து தப்போடு வருவான்.
எழுபத்தேழில் மலையிலிருந்து இறங்கியவர்களின் பேரன்.
இன்னும் 'தோட்டத்துப் பொடியன்' என்கிறார்கள்,
தேயிலையை அவன் கலண்டரில்தான் கண்டிருக்கிறான்.
ஜவாஹிர் நீராவிப்பிட்டி. றபான்.
நான் சேர்ச்சில் ஓகன் வாசிக்கிறவள்,
பிரசங்கம் நீண்ட நாட்களில்
பாட்டை விரட்டி முடிக்கிறவள்.

ஜயலத் பாண் ஓட்டோக்காரன், குருநாகல் பக்கம்.
காலையில் அவன் ஓட்டோப் பெட்டி பிழையாய்ப் பாடும் மெட்டை
பின்னேரம் புல்லாங்குழலில் திருத்துவான்.

எண்ணுவதில்தான் முதல் சண்டை.
நேசன் 'ஒண்டு, ரெண்டு' என்றால் ஜயலத் பிந்துவான்.
ஜயலத் எண்ணினால் நாங்கள் முந்துவோம்.
ஒருவரும் தீர்மானிக்காமல்
ஒருநாள் அது இப்படி வந்து நின்றது:
எக்க, தெக்க, மூண்டு, நாலு.

பிறகு ஒரு மாரி நாள், கரண்ட் போனது.
என் ஓகன் செத்தது.
பக்கத்து வயலில் தண்ணீர்ப் பம்பி மட்டும்
ஒரே சுரத்தில் முனகிக்கொண்டிருந்தது.
சக்தி கராஜ் வாசலில் வைக்கோல் கொளுத்தி
ஈரம் குடித்த தப்பைக் காட்டினான்.
ஜவாஹிரும் றபானைக் கொண்டுபோய்க் குந்தினான்.
"இது மாடா?"
"மாடு. உன்ரது?"
"ஆடு."
இரண்டு மாதத்தில்
அவர்கள் நேராய்ப் பேசிக்கொண்டது அதுதான் முதல்.
பம்பியின் முனகலுக்கு இரண்டு தோலும் ஏறி வந்தன.
நான் வெறும் ஒயில் தகரத்தில் தட்டினேன்.
ஓட இடமில்லாத என் கை
அன்றைக்குத்தான் மற்றவர்களுக்காகக் காத்திருந்தது.

எந்த வருசம் எங்கே நின்றாய் என்று
நாங்கள் கேட்டுக்கொள்வதில்லை.
எனக்குத் தெரிந்தது இவ்வளவு:
நேசன் பயந்தால் வேகம் கூடும்.
ஜவாஹிர் கோபத்தில் மெதுவாக அடிப்பான்.
யார் தவறினாலும் சக்தி
ஓர் அடியைக் கூடப் போட்டு,
அவர் திரும்பி வரும்வரை
கதவைச் சாத்தாமல் வைத்திருப்பான்.

பிளேன்ரீ குடிக்கையில் ஒருதரம்
ஜயலத் குழலால் கிழக்கைக் காட்டி
"மகே அய்யா" என்றான். பிறகு ஒன்றும் சொல்லவில்லை.
பாவம், தகப்பன் என்று நினைத்தோம்.
மூன்று கிழமை கழித்துத்தான் ஜவாஹிர் சொன்னான்,
அவர்களின் மொழியில் அய்யா என்றால் அண்ணன்.
தகப்பனுக்கென்று வைத்திருந்த துக்கத்தை
அண்ணனுக்கு மாற்ற வேண்டியிருந்தது.
எனக்கு அது லேசாய் இருக்கவில்லை.
கிழக்கில் எனக்கும் ஆள் உண்டு.
அன்று அவன் எடுத்த சுரத்துக்கு
நான் கீழே ஒன்றை வைத்தேன். அவ்வளவுதான்.

பங்குத் திருநாளுக்கு எங்களைக் கேட்டார்கள்.
தப்பு மட்டும் வேண்டாமாம்.
நாங்கள் போகவில்லை.
அதன் பிறகு என்னை ஓகனில் இருத்தவுமில்லை,
அது வேறு கதை.

இன்று காலை ஐந்தரைக்குப் பாண் ஓட்டோ.
பற்றரி இறங்கி, மெட்டு அரைச்சுரம் கீழே.
படலைக்குப் போய் இரண்டு பாண் வாங்கினேன்.
மிச்சக் காசை ஜயலத் என் கையில் எண்ணினான்,
எக்க, தெக்க...
நிறுத்தி என்னைப் பார்த்தான்.
மூண்டு, என்றேன்.
நாலாவது தாளை வைத்துவிட்டு
பெட்டியை மறுபடி பாடவிட்டுப் போனான்,
அதே பிழைச் சுரத்தில்,
கனகராயன் ஆற்றுப் பக்கமாக.